திகதி எழுதாதவர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்களைக் கடத்திவிட்டேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன், கட்டுரை எழுதிப் பழக்கமில்லாதவன் என்பது ஒரு காரணம். ஆனால் என் கையைப் பிடித்து வைத்தது அதுவல்ல. இந்தக் கதையில் வருகிற சிலர், தாங்கள் செய்தது தங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தவர்கள். அதை நான் பத்துப் பேர் வாசிக்க எழுதினால், அவர்கள் மூடி வைத்ததைத் திறந்தவனாகிவிடுவேனே என்ற பயம். அவர்களில் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார்.

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் ஓய்வுபெறும்வரை வேலை செய்த, புத்தளம் டவுனில் வலைத்தளம் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பெண்பிள்ளை பேசினார். இப்போது என் கதிரையில் இருப்பவர் அவர்தான்.

"சேர், இரத்ததானச் சங்கத்துட சைட்டைப் புதுசாச் செய்யிறம். தேடுற பக்கத்தில ஒரு துண்டு கோட் இருக்கு. திகதி இல்லாத ஆக்கள வேறயா எடுத்துக் கீழ காட்டுது. அத ஆர் எழுதின?"

"நான்தான் மகள்."

"அத எடுத்துப்போட்டு, பதியிற நேரம் திகதியக் கட்டாயமாக்கினா எல்லாம் லேசாகிரும் சேர். இப்ப இப்பிடி ஒரு பக்கத்தக் கொம்பியூட்டரே ஒரு நொடியில எழுதித் தருது."

"எடுக்காதீங்க மகள்."

"ஏன் சேர்?"

ஏன் என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு என்னால் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலவில்லை. "எழுதித் தாறன்" என்று வைத்துவிட்டேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு மனைவியிடம் கேட்டேன்.

"எழுதுங்க" என்றார். "என்ட பேரப் போடாதீங்க. குடுத்த ஒருத்தருட பேரையும் போடாதீங்க."

"என்ட பேரப் போடலாம்தானே?"

"உங்கட பேர் வந்தா பொஞ்சாதி ஆரெண்டு ஊருக்குத் தெரியாதா? பெரிய கெட்டிக்காரன். அதையும் விடுங்க."

ஆகவே இந்தக் கட்டுரையில் என் பெயரும் இல்லை. என் மேலாளராக இருந்த ரஞ்சித் சேரின் பெயரை மட்டும் அவரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அவர் சிரித்துவிட்டு, "நம்மட பேர்ல என்ன நானா இருக்கு, போடுங்க" என்றார். நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

நான் வேலை படித்த கதை நீளமானதல்ல. மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு வந்து தில்லையடியில் குடியேறியபோது என் கையில் இருந்த ஒரே தொழில் தட்டச்சு. விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தபோது அதிலும் விண்ணப்பம் அடித்தேன். பிறகு ஒரு கடைக்காரர் தன் கடைக்கு வலைத்தளம் கேட்டார். செய்யத் தெரியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பழகினேன். பிழை விட்டு, அழித்து, திரும்ப எழுதி வந்த பழக்கம்தான் எல்லாம். என்னிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் ரஞ்சித் சேர் என்னை வேலைக்கு எடுத்தார்.

அவர் சிலாபத்துக்காரர், சிங்களக் கிறிஸ்தவர். தமிழும் வீட்டு மொழி போலப் பேசுவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் என்னை நானா என்பார், நான் அவரைச் சேர் என்பேன். யார் யாருக்குப் பெரியவர் என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிட்டது.

அவருடைய முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏதாவது வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டால் வருவார். தன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போடுவார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், குளிரில் இருப்பவரைப் போல. முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. அடுத்தவருடைய விசைப்பலகையில் தன் கை போய்விடக்கூடாது என்பதற்காக அவர் தனக்குத் தானே போட்ட கட்டு அது. அவருக்குப் பிழை தெரிந்திருக்கும். இரண்டு எழுத்தைத் தட்டினால் முடிந்துவிடும். தட்டமாட்டார்.

"நானா, நீங்க கண்டது என்ன? நினைச்சது என்ன? ரெண்டையும் கலக்காமச் சொல்லுங்க" என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது, கணினியிடம் நாம் கேட்கிற கேள்வியைத் தமிழில் ஒரு வசனமாகச் சத்தமாகச் சொல்லச் சொல்வார். அதற்குப் பிறகு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒரே தடவையில் மாற்றினால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்குவார். அதுதான் அவருடைய கோபம். அதற்கு மேல் அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை.

இரத்ததானச் சங்கத்தின் வேலை வந்தது அப்படியான நாட்களில்தான். ஊரில் இரத்தம் கொடுக்க விரும்புகிறவர்கள் தங்கள் பெயர், இரத்த வகை, இருக்கும் இடம், தொலைபேசி இலக்கம், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்ற திகதி, இவற்றைப் பதிந்து வைக்க ஒரு தளம். அதை ஏற்கெனவே வேறு யாரோ செய்து கொடுத்திருந்தார்கள். பெயர்கள் சேரச் சேரத் தேடிப் பிடிப்பது கஷ்டமாகிவிட்டது. ஒரு தேடல் பக்கம் சேர்த்துத் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். சின்ன வேலை. மேலே இரத்த வகைக்கு எட்டுப் பொத்தான்கள், அதற்குக் கீழே இடத்தைத் தெரிவு செய்ய ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

முதல் நாளே அது சறுக்கியது. நெகட்டிவ் வகைப் பொத்தான் எதை அமர்த்தினாலும் பெயர்கள் வந்தன. பொசிட்டிவ் எதை அமர்த்தினாலும் "ஒருவரும் இல்லை" என்று வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஓ பொசிட்டிவ். ஒருவரும் இல்லை என்றால் எப்படி? நான் தரவுத்தளத்தைக் குடைந்தேன், பெயர்களைக் குடைந்தேன், எதையும் காணவில்லை. ரஞ்சித் சேர் வந்து கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கண்டது என்ன?"

"கூட்டல் குறி இருக்கிற எல்லாம் வருதில்ல சேர். கழித்தல் குறி இருக்கிற எல்லாம் வருது."

"ஹரி" என்றார்; சிங்களத்தில் சரி என்று அர்த்தம். "அப்ப நம்ம கேள்வி அங்க போய்ச் சேரக்குள்ள எப்பிடிப் போகுதெண்டு பாருங்க."

பார்த்தேன். பொத்தான்களின் முகவரிகளை நான் கையால் எழுதியிருந்தேன். வலை முகவரிக்குள் கூட்டல் குறியை அப்படியே எழுதினால் மறுபக்கத்தில் அது வெற்றிடமாகத்தான் போய்ச் சேரும். நான் ஓ பொசிட்டிவ் என்று கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஓ என்ற எழுத்தும் ஒரு வெற்றிடமும்தான் போயிருந்தன. அந்தக் குறியை முகவரிக்கேற்ற முறையில் மாற்றி எழுதியதும் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சேர் எழும்பிப் போகவில்லை.

"முந்தி வேலை செய்ததும் இப்பவும் செய்யுதா பாருங்க நானா. ஒண்டைத் திருத்தி ஒண்டைக் குழப்பக்கூடாது."

நெகட்டிவ் வகைகளையும் ஒன்றொன்றாக அமர்த்திக் காட்டிய பிறகுதான் எழும்பினார்.

அதன் பிறகு சங்கச் செயலாளர் ஒரு மாற்றம் கேட்டு வந்தார். இரத்தம் கொடுத்த ஒருவர் திரும்பக் கொடுக்க நான்கு மாதம் போக வேண்டும். அவசரத்தில் தேடுகிறவர்கள் போன கிழமை கொடுத்தவரையும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறார்கள். ஆகவே நான்கு மாதம் ஆகாதவர்கள் தேடலில் வரவே கூடாது என்றார். நியாயமான கோரிக்கை. கணினியிடம் கேட்கிற கேள்வியோடு ஒரு வரியைச் சேர்த்தேன்: கடைசியாகக் கொடுத்த திகதி நான்கு மாதத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். சேர் பார்த்தார், சங்கத்தார் பார்த்தார்கள். தேடினால் ஆட்கள் வந்தார்கள். கூப்பிட்டால் கொடுக்கக்கூடியவர்களாக இருந்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். பல மாதம் அப்படியே ஓடியது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மழை தொடங்கிப் பல நாட்களாகியிருந்தன. சிலாபம் வீதியில் தண்ணீர் மேவி பஸ் ஓடவில்லை. வெள்ளியில் எங்கள் அலுவலகம் ஜும்ஆ தொழுகைக்கு முன் மூடிவிடும். மற்றவர்கள் வந்திருக்கவில்லை. ரஞ்சித் சேரின் மனைவிக்கு முந்திய நாள் பிரசவ வலி கண்டிருந்தது. அவர் புத்தளம் ஆஸ்பத்திரியில் நின்றார். நான் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அவருடைய அழைப்பு வந்ததும் நல்ல செய்தி என்று நினைத்து, "என்ன பிள்ளை சேர்?" என்று கேட்டுவிட்டேன்.

"பொம்பிளப் பிள்ளை நானா. பிள்ளைக்கு ஒண்டுமில்ல. ஆனா அவக்கு இரத்தம் நிக்குதில்ல."

அவருடைய மனைவிக்கு பி நெகட்டிவ். இருந்த இரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். இன்னும் தேவைப்படும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெளியிலிருந்து வர வேண்டியது தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றது. எடுக்கிற இரத்தத்தைப் பரிசோதிக்கவும் நேரம் வேண்டும்; அதனால் கொடுக்கக்கூடியவர்கள் இருந்தால் இப்போதே வரச் சொல்லுங்கள் என்று இரத்த வங்கியில் சொல்லியிருந்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். ஆனால் வந்தவர்களில் ஒருவருக்கும் பொருந்தக்கூடிய நெகட்டிவ் வகை இல்லை. பலருக்குத் தங்கள் வகை என்னவென்றே தெரியாது.

"நம்மட சைட்ல நான் ஃபோன்ல தேடிட்டன் நானா. புத்தளம், தில்லையடி, நுரைச்சோலை, கல்பிட்டி, எல்லா இடமும் போட்டன். ஒருத்தரும் இல்ல."

அவருடைய குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் என் வாயில் அவருடைய வார்த்தையே வந்துவிட்டது.

"சேர், நீங்க கண்டது என்ன?"

இந்த நேரத்தில் இதைக் கேட்டுவிட்டேனே என்று உடனே தோன்றியது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கண்டது... ஒருவரும் இல்லை எண்டு எழுதியிருக்கு."

"அவ்வளவுதான் சேர் நாங்க கண்டது. ஆள் இல்லையெண்டது நாங்க நினைக்கிறது. நான் பார்க்கிறன். நீங்க அவவோட இருங்க."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு எதுவும் தெரியாது. கதிரையில் இருந்தபடி கையேந்தினேன். யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை உம்மா இல்லாத பிள்ளையாக ஆக்கிவிடாதே, இந்தப் பெட்டிக்குள் ஆள் இருந்தால் காட்டித் தா என்று கேட்டேன். பெரிய துஆ எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவுதான் வந்தது.

நானும் தேடினேன். பி நெகட்டிவ், எல்லா இடமும். ஒருவரும் இல்லை. மற்ற வகைகளை அமர்த்தினேன். எல்லாவற்றிலும் ஆட்கள் வந்தார்கள்; பி நெகட்டிவுக்குப் பதில் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ்காரர்களைச் சேர் முன்பே அழைத்துப் பார்த்துவிட்டார், அவர்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் பக்கம் வேலை செய்கிறது. வேலை செய்கிற பக்கத்தில் எதைத் தேடிப் பிடிப்பது? வராத ஒருவரை எனக்குத் தெரிந்திருந்தால் அவர் ஏன் வரவில்லை என்று பார்க்கலாம். அப்படி ஒருவரும் எனக்குத் தெரியாது.

ஜும்ஆவுக்கு வீட்டுக்கு வர நேரமிருக்காது, நேரே பள்ளிக்குப் போவேன் என்று சொல்ல மனைவிக்கு அழைத்தேன். சேருடைய மனைவிக்காகத் துஆ செய்யவும் சொன்னேன்.

"என்ன இரத்தம் வேணுமாம்?"

"பி நெகட்டிவ். சைட்ல ஒருத்தரும் இல்ல."

"ஏன் இல்லாம? நான் இருக்கன்தானே."

எனக்கு விளங்கவில்லை. "நீங்க எங்க இருக்கீங்க?"

"இஞ்ச பாருங்களேன், என்ட இரத்தம் பி நெகட்டிவ். நானும் பதிஞ்சிருக்கன். சங்கத்தாக்கள் குர்ஆன் வகுப்புக்கு வந்து பொம்பிளையள் எல்லாரையும் பதிஞ்ச நேரம்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் சோறு தின்ற மனிதன் நான். என் மனைவியின் இரத்த வகை எனக்குத் தெரியாது. அவர் இரத்தம் கொடுப்பார் என்பதும் தெரியாது. அதற்கெல்லாம் வெட்கப்பட அப்போது நேரமிருக்கவில்லை. சங்கத்தார் மட்டும் பார்க்கிற உறுப்பினர் பக்கத்தைத் திறந்து பெயரைக் கொடுத்தேன். வந்தது. தில்லையடி, பி நெகட்டிவ், தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில் எங்கள் வீட்டு இலக்கம்.

ஆள் பெட்டிக்குள் இருக்கிறார், தேடலில் வரவில்லை. இப்போது எனக்கு ஒரு நுனி கிடைத்துவிட்டது.

"ஃபோன வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சேருடைய முறையில் போனேன். தில்லையடி, பி நெகட்டிவ் என்று போட்டு, முதலில் இடம் என்ற நிபந்தனையை மட்டும் எடுத்துவிட்டுத் தேடினேன். மனைவி வரவில்லை. அதைத் திரும்பப் போட்டு, இரத்த வகையை மட்டும் எடுத்துவிட்டுத் தேடினேன். தில்லையடி ஆட்கள் பக்கம் நிறைய வந்தார்கள். மனைவி அதிலும் இல்லை. அதையும் திரும்பப் போட்டேன். மிச்சம் இருந்தது நான் கடைசியாகச் சேர்த்த வரி. அதை எடுத்தேன்.

மனைவியின் பெயர் வந்தது. இடத்தை எல்லா இடமும் என்று மாற்றியதும் அதற்குக் கீழே இன்னும் சில பெயர்களும் வந்தன.

எல்லாருக்கும் ஒரே மாதிரி. கடைசியாகக் கொடுத்த திகதி என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

"நீங்க ஏன் திகதி எழுதல்ல?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"குடுத்தத எழுதி வைக்கவா குடுக்கிற? அது அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே. நான் மட்டுமில்ல, எங்கட வகுப்பில கனபேர் எழுதல்ல. மௌலவி சொல்லிக்கொண்டே இருப்பார், செய்த சதக்காவை வெளியில காட்டினா அது போச்சு எண்டு."

அப்போதுதான் என் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கடைசியாகக் கொடுத்த திகதி நான்கு மாதத்துக்கு முந்தியதா? திகதி இருக்கிறவரிடம் கேட்டால் கணினிக்கு ஓம் அல்லது இல்லை என்ற பதில் கிடைக்கும். திகதி இல்லாதவரிடம் கேட்டால் இரண்டும் கிடைக்காது. தெரியாது என்பதுதான் பதில். தேடல், ஓம் என்றவரை மட்டும் எடுத்துக் காட்டும். தெரியாது என்பவரை, இல்லை என்பவரோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். மற்ற வகைகளில் திகதி எழுதியவர்கள் போதுமான அளவு இருந்ததால், தள்ளப்பட்டவர்களை யாரும் தேடவில்லை. பி நெகட்டிவ் அரிதான வகை. பதிந்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்; அதில் ஒருவர்கூடத் திகதி எழுதவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இருந்தவர்கள் எல்லாரையும் நான் எழுதிய ஒரு வரி கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

"நான் வெளிக்கிடுறன்" என்றார் மனைவி. "அபாயாவப் போட்டா சரி."

வாயைத் திறந்து சரி என்று சொல்லப் போனவன் நிறுத்தினேன். "கடைசியா எப்ப குடுத்தீங்க?"

"அது என்னத்துக்கு?"

"எழுதத்தான் வேண்டாம். எனக்குச் சொல்லுங்க."

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்ப உங்களால ஏலாது."

"எடுத்தா எடுக்கட்டுமே. எனக்கு ஒண்டும் ஆகாது."

"எடுக்கமாட்டாங்க. நீங்க மறைச்சாலும் நான் சொல்லிருவன்."

"சொல்லுவீங்க, சொல்லுவீங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு அவரே சொன்னார்: "மத்தப் பேர வாசிங்க பார்ப்பம்."

வாசித்தேன். ஒருவர் கட்டாரில் இருப்பதாக மனைவி சொன்னார். இன்னொருவர் அவருடைய வகுப்புத் தோழி. எங்கள் தெருவுக்குப் பின்தெரு. அவருக்கு அலுவலகத்தின் மற்றத் தொலைபேசியில் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமையில அவ ஃபோனத் தொடமாட்டா, ஓதிக்கொண்டிருப்பா. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். திகதியையும் நான் கேட்கிறன், என்னட்டச் சொல்லுவா" என்று மனைவி வைத்துவிட்டார்.

அடுத்தவர் நுரைச்சோலைக்காரர், ஆண். வெங்காயத் தோட்டம் வைத்திருக்கிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"வரலாம். இப்பதான் ஜும்ஆவுக்குக் குளிச்சிட்டு நிக்கிறன். தொழுதிட்டு வந்தாச் சரியா?"

"இப்பவே வந்தா நல்லம் நானா. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலயும் பள்ளி இருக்கு. கிடைச்சா அங்க தொழலாம்." பிறகு கேட்டேன்: "கடைசியா எப்ப குடுத்தீங்க?"

"அதச் சொல்லித்தான் ஆகணுமா?"

"அது தெரியாம எடுக்க ஏலாது."

"போன நோன்புக்கு முந்தி. நீங்க ஆருக்கும் சொல்லப்படாது."

"சொல்லமாட்டன்" என்றேன். நோன்பு முடிந்து நான்கு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அவர் மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். முழங்கால்வரை சேறு, தலையில் நனைந்த தொப்பி. அவரை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பினால், ஒரு த்ரீவீலரிலிருந்து மனைவியும் தோழியும் இறங்கினார்கள். அந்தத் தோழி ஒரு வருடமாகக் கொடுக்கவில்லையாம்; அவரும் உள்ளே போய்க் கொடுத்தார். மனைவி இரத்தம் எடுக்கிற நர்ஸ் மிஸ்ஸிடம் போய்த் தன்னையும் பார்க்கச் சொன்னதையும், மிஸ் திகதியைக் கேட்டுவிட்டு "போய் இருங்கம்மா" என்று கதிரையைக் காட்டியதையும் அந்தத் தோழிதான் பிறகு எனக்குச் சொன்னார்.

ஜும்ஆ எங்களுக்குத் தவறிவிட்டது. நுரைச்சோலைக்காரரும் நானும் பக்கத்துப் பள்ளியில் லுஹர் தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அவர் கையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வதைக் கண்டேன். யாரும் ஏன் என்று கேட்டுவிடக்கூடாது என்றுதான் இருக்க வேண்டும். நான் பார்க்காதது போல எழும்பினேன்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்கிற நேரம் ரஞ்சித் சேர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அது அவர் கோபத்தில் செய்கிற செயல் என்றுதான் எனக்குத் தெரியும்.

"நிண்டிருச்சு நானா" என்றார். "கண் முழிச்சுப் பிள்ளையக் கேட்டா."

அந்த வாசலில் நான் விட்ட பெருமூச்சை இப்போது நினைத்தாலும் நெஞ்சு லேசாகிறது. வெளியே மழையும் கொஞ்சம் விட்டிருந்தது என்று நினைக்கிறேன். அல்லது எனக்கு அப்படித் தெரிந்ததோ, சொல்லத் தெரியவில்லை.

சில நாட்கள் கழித்துச் சேர் அலுவலகத்துக்கு வந்தார். மனைவியும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்ததும் தன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க. கேள்விய எப்பிடித் திருத்தினீங்க?"

"அந்த வரியத் தற்காலிகமா எடுத்திட்டன் சேர்."

"அப்ப போன கிழமை குடுத்தவனும் வருவான். செயலாளர் சண்டைக்கு வருவார். திகதி இல்லாட்டிப் பதிய ஏலாதெண்டு போடுவமா?"

"போட்டா அவங்க பதியவே மாட்டாங்க சேர்."

"அப்ப திகதி இல்லாத எல்லாரும் குடுக்கலாம் எண்டு எடுப்பமா?"

"அதுவும் பிழை. என்ட வீட்டாளுக்குத் திகதி இல்ல, ஆனாக் குடுக்க ஏலாது."

கணினி தெரியாது என்று சொல்கிற இடத்தில் ஓம் என்றும் எழுதக்கூடாது, இல்லை என்றும் எழுதக்கூடாது. தெரியாது என்றே காட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"எப்பிடிக் காட்டுவீங்க?"

"மேல, குடுக்கக்கூடியவங்க. கீழ வேறயா, திகதி எழுதாதவங்க. பக்கத்தில ஒரு சொல் போடுவம்: கேட்டுப் பார்க்கவும்."

"கேட்டா சொல்லுவாங்களா?"

"திரையில எழுதமாட்டாங்க சேர். ஆள் கேட்டா, உயிருக்கெண்டாச் சொல்லுவாங்க. எனக்குச் சொன்னாங்க."

"ஹரி" என்றார்.

எழுதினேன். திகதி இருப்பவர், திகதி இல்லாதவர், போன கிழமை கொடுத்தவர் என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக் காட்டினேன். முந்தி வேலை செய்ததெல்லாம் இப்போதும் செய்கிறதா என்றும் பார்த்தோம். கூட்டல் குறிகளையும் மறக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவர் எழும்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "உங்கட வீட்டாளுக்கு நான் என்ன சொல்லுற நானா?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லாதீங்க சேர். தெரியாத மாதிரி இருங்க. அதுதான் அவக்கு விருப்பம்."

அவர் அப்படியே இருந்தார். ஆனால் ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்மஸுக்கும், வீட்டுக்கு கேக் வரும். மனைவி வாங்கி வைத்துவிட்டு, "ஏன் இவர் நமக்குத் தாறார்?" என்று ஒன்றும் அறியாதவர் போல என்னைக் கேட்பார். எனக்கும் தெரியாது என்பேன்.

ஆகவே மகள், நீங்கள் எடுக்கலாமா என்று கேட்ட அந்தத் துண்டு இதுதான். புதிதாகச் செய்யுங்கள், இதைவிட அழகாகச் செய்யுங்கள், நீங்கள் சொன்னது போல ஒரு நொடியில் கணினியே எழுதித் தரட்டும். ஆனால் திகதி எழுதாதவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஓர் இடம் விட்டு வையுங்கள். அவர்கள் அந்தக் கட்டத்தை மறந்து போய் விட்டவர்கள் அல்ல.

வாசிக்கிற மற்றவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்ல விரும்பினால், எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். இன்னார்தான் கொடுத்தார் என்று ஊகித்து ஒரு பெயரைச் சேர்க்காதீர்கள். என் மனைவியும் கொடுத்தார் என்று சேர்க்காதீர்கள். அன்று அவரிடம் எடுக்கவில்லை. நான் கெட்டித்தனமாகக் கண்டுபிடித்தேன் என்றும் சேர்க்க வேண்டாம்; வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்தேன், அவ்வளவுதான். பெயர் இருக்க வேண்டிய இடங்கள் வெறுமையாக இருக்கின்றனவே என்று தோன்றினால், அவை வெறுமையாகவே இருக்கட்டும். நிரப்ப வேண்டியவனிடம் அவை நிரம்பித்தான் இருக்கின்றன.